மார்க்கும் தலையெழுத்தும்

(வாசகசாலை ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட சொற்பொழிவு)



இன்று மனிதனுடைய புத்தியைப் பற்றி நான் பேச வேண்டுமென்று இவ்வூர் வாலிபர்கள் கேட்டுக் கொண்டார்கள். புத்தியைப் பற்றிப் பேச என்னைவிடப் புத்திசாலி ஒருவர் கிடைக்கவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நான் காலேஜ் வாசற்படியை மிதித்தவனல்ல. ஏழாம் வகுப்போடு என் பள்ளிப் படிப்பு முடிந்து விட்டது. அது முடிந்த விதத்தைச் சொன்னால் இன்று நான் பேசப் போகும் விஷயமும் விளங்கிவிடும்.

ஒரு நாள் கணக்குப் போடத் தெரியாமல் கரும்பலகைக்கு முன் நின்றேன். உபாத்தியாயர் என் தலையைத் தட்டி, "இதற்குள் களிமண்தான் இருக்கின்றது, உங்கள் ஜாதிக்குக் கணக்கு எதற்கு?" என்றார். அழுது கொண்டு வீட்டிற்குப் போய்ச் சொன்னேன். என் தகப்பனாருக்குக் கோபம் வரவில்லை. "வாத்தியார் சொன்னால் சரியாய்த்தான் இருக்கும். நம் தலையெழுத்து அப்படி" என்று சொல்லி, மறுநாளே என்னை ஒரு மளிகை மண்டியில் கொண்டுபோய் விட்டார். அந்த மண்டியில் மூன்று மாதத்திற்குள் மூட்டைக் கணக்கும் வட்டிக் கணக்கும் காகிதமில்லாமல் வாயாலேயே போட ஆரம்பித்து விட்டேன். மூன்று மாதத்தில் களிமண் எப்படி மூளையாயிற்று? இந்தக் கேள்வி அன்று முதல் என்னை விட்டபாடில்லை. அதற்குப் பதில் தேடிக் கிடைத்த புத்தகங்களையெல்லாம் படித்தேன். படித்ததில் தெரிந்ததைத்தான் இன்று உங்கள் முன் வைக்கின்றேன். நான் சொல்லுவதற்காக எதையும் நம்ப வேண்டாம். உங்கள் அனுபவத்தோடு ஒத்திட்டுப் பார்த்துச் சரியென்று பட்டால் வைத்துக் கொள்ளுங்கள், இல்லையேல் தள்ளிவிடுங்கள்.

தோழர்களே! பிரம்மா என்று ஒருவர் இருந்து கொண்டு, பிறக்கிற குழந்தையின் மண்டையோட்டில் எழுதி அனுப்புகின்றார் என்ற கதையைக் கேட்டால் இன்று நம் பிள்ளைகள் சிரிக்கின்றார்கள். சந்தோஷம். ஆனால் அதே தலையெழுத்து 'சயன்ஸ்' என்கின்ற சட்டையைப் போட்டுக் கொண்டு, ஒரு நம்பராக வந்து நின்றால் நாம் கைகட்டி நின்று விடுகின்றோம். "இவன் புத்தி 80, அவன் புத்தி 120, இது பிறவியிலேயே அமைந்தது, மாற்ற முடியாது" என்று சொன்னால், அதைச் சொல்லுகின்றவர் கோட்டு போட்டிருக்கின்ற காரணத்தால் நம்பி விடலாமா? சாஸ்திரத்தை ஏன் என்று கேட்கிற வாய், சயன்ஸையும் ஏன் என்று கேட்க வேண்டும். அப்படிக் கேட்டால் சயன்ஸ் கோபித்துக் கொள்ளாது. அதுதான் அதற்கும் சாஸ்திரத்திற்கும் உள்ள வித்தியாசம்.

அளவுகோலைச் செய்தவர்

புத்தியை அளக்க முதன் முதல் உருப்படியான ஒரு வழி கண்டவர் பிரான்சு தேசத்து ஆல்பிரட் பினே என்பவர். 1857-ல் பிறந்து 1911-ல் இறந்தவர். இவர் சட்டம் படித்தவர். மனோதத்துவத்தைப் பாரிஸ் நகரத்து நூல்நிலையத்தில் உட்கார்ந்து தாமாகவே படித்துக் கொண்டவர். இதைச் சொல்லுவதில் எனக்குக் கொஞ்சம் சுயநலமும் உண்டு!

அக்காலத்தில் பெரிய நிபுணர்களெல்லாம் மண்டையோட்டை நாடா வைத்து அளந்து, பெரிய மண்டை பெரிய புத்தி என்று சொல்லிக் கொண்டிருந்தார்கள். பினேயும் முதலில் அப்படியே பள்ளிப் பிள்ளைகளின் தலைகளை அளந்தார். கெட்டிக்காரப் பிள்ளைக்கும் மந்தமான பிள்ளைக்கும் சொல்லத்தக்க வித்தியாசம் கிடைக்கவில்லை. அதோடு, இவன் கெட்டிக்காரன் என்று முன்னமே மனதில் நினைத்துக் கொண்டு அளந்தால், தம் கையே நாடாவைச் சற்று அப்படி இப்படி இழுத்துவிடக் கூடும் என்பதையும் அவர் கண்டுபிடித்து, ஒளிக்காமல் எழுதி வைத்தார். இந்த நேர்மையைக் கவனியுங்கள்.

1904-ல் பிரெஞ்சு சர்க்கார், சாதாரண வகுப்பில் பாடம் ஏறாத பிள்ளைகளுக்கு என்ன செய்யலாம் என்று யோசிக்க ஒரு கமிட்டி போட்டார்கள். அதன் பேரில் பினேயும், சிமோன் என்ற டாக்டரும் சேர்ந்து 1905-ல் 30 சோதனைகள் கொண்ட ஒரு பரீக்ஷையைத் தயாரித்தார்கள். அவை புத்தகப் பாடமல்ல. எரிகின்ற தீக்குச்சியைக் கண் தொடர்கின்றதா, மூன்று எண்களைக் கேட்டுத் திரும்பச் சொல்ல முடிகின்றதா, இரண்டு கோடுகளில் எது நீளம் என்பன போன்ற சுலபமானவற்றில் தொடங்கிப் படிப்படியாகக் கடினமாகிப் போகும். 1908-ல் இன்ன வயதுப் பிள்ளைகள் இன்னது செய்வார்கள் என்று வயதுவாரியாகவும் பிரித்தார்கள்.

இதை எதற்காகச் செய்தார்? எந்தப் பிள்ளைக்கு அதிக உதவி வேண்டும் என்று கண்டு, தனி வகுப்பு வைத்து, தூக்கி விடுவதற்காகச் செய்தார். வைத்தியன் நாடி பார்ப்பது மருந்து கொடுப்பதற்கே தவிர, பாடை கட்டுவதற்கல்லவே! புத்தி என்பது கூட்ட முடியாத, மாறாத ஒரு அளவு என்று சொல்லுகின்றவர்களைப் பினே 1909-ல் எழுதிய புத்தகத்தில் பலமாகக் கண்டித்தார். கோணின காலை நிமிர்த்துவது போல, கவனத்தையும் ஞாபகத்தையும் பழக்கத்தால் நிமிர்த்தலாம் என்றார். அதற்கு வேண்டிய பயிற்சிகளையும் வகுத்தார்.

கடல் தாண்டிய பிறகு

பினேயின் அளவுகோல் கடல் தாண்டிப் போயிற்று. 1912-ல் ஜெர்மனியில் ஸ்டெர்ன் என்பவர், பிள்ளையின் புத்தி வயதை அதன் சொந்த வயதால் வகுக்கலாம் என்றார். 1916-ல் அமெரிக்காவில் டெர்மன் என்பவர் அதை 100-ஆல் பெருக்கினார். எட்டு வயதுப் பையன் பத்து வயதுப் பையன் செய்வதைச் செய்தால் 125. ஆறு வயதுக்குரியதைத்தான் செய்தால் 75. நாடறிந்த புத்தி ஈவு என்கின்ற நம்பர் பிறந்த கதை இதுதான். பினே உதவி செய்வதற்காகக் கொடுத்த குச்சியை, இவர்கள் அடிப்பதற்கு எடுத்துக் கொண்டார்கள்.

காடார்டு என்று ஒருவர். பினேயின் பரீக்ஷையை அமெரிக்காவுக்குக் கொண்டு வந்தவர் இவர். 1913 வாக்கில் நியூயார்க் துறைமுகத்தில், கப்பலைவிட்டு இறங்கிய ஏழைக் குடியேற்றக்காரர்களை நிறுத்திப் பரீக்ஷை செய்வித்தார். கடலில் புரண்டு வந்து, பாஷை தெரியாத ஊரில், சர்க்கார் ஆளுக்கு முன் நடுங்கிக் கொண்டு நிற்கின்றவனிடம் புத்தியைக் காட்டு என்றால் எதைக் காட்டுவான்? சோதித்த யூதர், இத்தாலியர், ஹங்கேரியர், ருஷ்யர் ஆகியோரில் ஐந்தில் நான்கு பேர் மந்த புத்திக்காரர் என்று கணக்கு வந்தது. கணக்கைப் பார்த்தவர் அளவுகோலைச் சந்தேகிக்கவில்லை, மனிதரைச் சந்தேகித்தார்!

பிறகு 1917-ல் அமெரிக்கா யுத்தத்தில் இறங்கிற்று. சுமார் 17,50,000 சிப்பாய்களுக்குப் புத்திப் பரீக்ஷை வைத்தார்கள். ஒரு கேள்வி, இன்ன பேருள்ள ஆள் பந்தாட்டக்காரனா, எழுத்தாளனா என்று. இன்னொரு கேள்வி, கடையில் விற்கின்ற இன்ன சரக்கு மருந்தா, பற்பசையா, தின்பண்டமா என்று. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கோ, வலை இல்லாத டென்னிஸ் பந்தாட்டப் படத்தைக் காட்டி என்ன குறைகின்றது என்று கேட்டார்கள். இது புத்தியா, அல்லது அந்த ஊர் ஜாம்பவான்களோடு பழகிய பழக்கமா? நான் கேட்கின்றேன்: எருக்கும் நொச்சிக்கும் பேர் சொல்லு என்று நம் கிராமத்துப் பாட்டி பரீக்ஷை வைத்தால், அந்தப் புரொபசர்கள் எத்தனை மார்க்கு வாங்கியிருப்பார்கள்?

அதில் முடிவு என்ன வந்தது தெரியுமா? வெள்ளைக்காரச் சிப்பாயின் சராசரிப் புத்தி வயது 13! அதாவது ஒரு தேசம் முழுவதும் சராசரிக்குக் கீழே என்று! வால்டர் லிப்மன் என்ற பத்திரிகைக்காரர் 1922-ல் ஆறு கட்டுரைகள் எழுதி, சராசரி மனிதனே சராசரி மனிதனைவிடத் தாழ்ந்தவன் என்று எப்படிச் சொல்ல முடியும் என்று கேட்டுச் சந்தி சிரிக்க வைத்தார். அதே கணக்கில் இன்னொன்றும் இருந்தது. வடக்கு மாகாணங்கள் சிலவற்றின் நீக்ரோச் சிப்பாய்கள், தெற்கு மாகாணங்கள் சிலவற்றின் வெள்ளைச் சிப்பாய்களைவிட அதிக மார்க்கு வாங்கியிருந்தார்கள். வடக்கே பள்ளிக்கூடம் நல்லது, தெற்கே மோசம். நிறமா புத்தியைக் கொடுத்தது, பள்ளிக்கூடமா என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

ஒரு பெண்ணின் கதை

இதெல்லாம் படித்தவர்கள் வாதம், நமக்கென்ன என்று நினைக்காதீர்கள். கேரி பக் என்ற ஏழைப் பெண்ணின் கதையைக் கேளுங்கள். வர்ஜீனியா மாகாணத்தில் ஒரு வீட்டில் வளர்ப்புப் பெண்ணாக இருந்தாள். பள்ளிக்கூடத்தில் சரியாகத்தான் படித்து வந்தாள். வீட்டு வேலைக்காகப் படிப்பை நிறுத்தினார்கள். அந்த வீட்டுச் சொந்தக்காரப் பையன் ஒருவன் அவளைக் கெடுத்தான். வயிற்றில் பிள்ளை வந்ததும், குற்றவாளியை விட்டுவிட்டு, இவளை மந்த புத்திக்காரி என்று சொல்லி விடுதியில் அடைத்தார்கள். அவள் தாயும் முன்பே அங்கே அடைபட்டிருந்தாள். ஏழு மாதக் குழந்தையையும் பார்த்து, இதுவும் சரியில்லை என்று ஒருத்தி சாட்சி சொன்னாள். 1927-ல் அமெரிக்காவின் மிகப் பெரிய கோர்ட்டு, மூன்று தலைமுறை மந்த புத்தி போதும், இவளுக்குப் பிள்ளை பிறக்காமல் ஆபரேஷன் செய்யலாம் என்று தீர்ப்புச் சொல்லிற்று. ஒன்பது ஜட்ஜுகளில் ஒருவர்தான் சம்மதிக்கவில்லை.

அந்தக் குழந்தை என்ன ஆயிற்று? பள்ளிக்கூடம் போயிற்று, முதல் வகுப்பிலேயே நன்றாகப் படித்த பிள்ளைகள் பட்டியலில் அதன் பேர் வந்தது. எட்டு வயதில் நோயால் இறந்து விட்டது. கேரி பக் 1983 வரை உயிரோடிருந்தார். பத்திரிகை படித்துக் கொண்டுதான் இருந்தார். இந்தப் பேரால் அத்தேசத்தில் 60,000 பேருக்கு மேல் ஆபரேஷன் செய்யப்பட்டார்கள். தாய்மார்களே! பிரம்மா எழுதியதாகச் சொன்ன எழுத்தாவது கண்ணுக்குத் தெரியாதது. இந்த எழுத்தைக் கத்தியால் எழுதினார்கள்!

ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். காடார்டு 1928-ல் தம் முக்கியமான முடிவுகள் தவறு என்று ஒப்புக் கொண்டார். இராணுவக் கணக்கை வைத்துக் கொண்டு ஜாதிகளுக்குள் உயர்வு தாழ்வு எழுதிய பிரிகாம் என்பவரும் 1930-ல் அதைத் தாமே தள்ளிவிட்டார். எந்த மடாதிபதியாவது தாம் சொன்னது தப்பு என்று எழுதிக் கொடுத்ததுண்டா? சயன்ஸில் தப்பு நேரும், திருத்தமும் நேரும். ஆனால் திருத்தம் வருகிறவரையில் அடிபடுகிறவன் ஏழை. ஆதலால்தான் நாம் விழித்திருக்க வேண்டும்.

புத்தி ஒன்றா, பலவா?

நிற்க, புத்தி என்பதுதான் என்ன? இங்கிலாந்தில் ஸ்பியர்மன் என்பவர், பட்டாளத்தை விட்டுப் படிக்க வந்தவர், 1904-ல் ஒரு விஷயம் கண்டார். ஒரு பாடத்தில் கெட்டிக்காரனாக இருக்கின்ற பிள்ளை மற்றதிலும் பெரும்பாலும் கெட்டிக்காரனாக இருக்கின்றான். ஆதலால் எல்லாவற்றுக்கும் அடியில் பொதுவான ஒரு சக்தி இருக்க வேண்டும் என்றார். 1938-ல் தர்ஸ்டன் என்பவர், ஒன்றல்ல, சொல், எண், ஞாபகம் என்று ஏழு சக்திகள் உண்டு என்றார். 1983-ல் கார்ட்னர் என்பவர் சங்கீதம், உடல் வன்மை, பிறர் மனதறிதல் இவைகளும் தனித்தனிப் புத்திகளே என்றார். கேட்க இனிப்பாயிருந்தாலும், இதற்குச் சோதனைச் சாட்சி போதாது என்பதே பல நிபுணர்களின் அபிப்பிராயம். 1985-ல் ஸ்டெர்ன்பர்க் என்பவர், பகுத்துப் பார்க்கிற புத்தி, புதிது படைக்கிற புத்தி, காரியத்தில் நடத்துகிற புத்தி என்று மூன்றாகப் பிரித்தார். ஸ்பியர்மன் கண்ட பொது ஒற்றுமை பொய்யல்ல. இன்றும் கணக்குப் போட்டால் வருகின்றது. ஆனால் அது ஏன் வருகின்றது என்பதில்தான் சண்டை தீரவில்லை. ஒன்று நிச்சயம்: பரீக்ஷைக் காகிதத்தில் தெரிகின்ற புத்தி, மனித புத்தி முழுவதுமல்ல.

இதற்குப் பிரேசில் தேசத்தில் நடந்த சோதனையைக் கேளுங்கள். ரெசிபே என்ற ஊரில், கடைத் தெருவில் தேங்காயும் பழமும் விற்கிற ஏழைச் சிறுவர் ஐந்து பேரை ஆராய்ச்சிக்காரர்கள் வாங்குகிறவர்கள் போலப் போய்க் கணக்குக் கேட்டார்கள். ஒரு தேங்காய் 35 என்றால் 10 தேங்காய் எவ்வளவு என்றார்கள். பள்ளிக்கூடத்தில் ஒரு பூஜ்யம் சேர் என்பார்கள். அந்தப் பன்னிரண்டு வயதுப் பையனோ, மூன்று காய் 105, இன்னும் மூன்று போட்டால் 210, இன்னும் மூன்று போட்டால் 315, ஒன்று மிச்சம், ஆக 350 என்றான். கடைத்தெருவில் இச்சிறுவர்கள் 100-க்கு 98 கணக்குகளைச் சரியாகச் சொன்னார்கள். அதே கணக்குகளைக் காகிதத்தில் வெறும் எண்களாக எழுதிக் கொடுத்தபோது 100-க்கு 37 தான் சரியாயிற்று. 1985-ல் இதை வெளியிட்டார்கள். படித்தபோது என் கண்ணில் தண்ணீர் வந்து விட்டது, தோழர்களே! மண்டியில் உட்கார்ந்து நான் போட்டதும் அதே கணக்குத்தான். களிமண் இருந்தது என் தலையிலல்ல. கணக்கை என் தலைக்குப் பக்கத்தில் கொண்டு வரத் தெரியாத பாட முறையில் இருந்தது.

பிறவியா, வளர்ப்பா?

அப்படியானால் பிறவியில் ஒன்றுமே இல்லையா என்று கேட்பீர்கள். அப்படி நான் சொல்லவில்லை. உயரம் போல, புத்தியிலும் தாய் தகப்பனிடமிருந்து வருகின்றது கொஞ்சம் உண்டு என்று இரட்டைப் பிள்ளைகளை வைத்துச் செய்த பல ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. ஆனால் அதைச் சொல்லவும் அளவு வேண்டும். இங்கிலாந்தில் சிரில் பர்ட் என்பவர், 1946-ல் சர் பட்டம் பெற்றவர், பிரிந்து வளர்ந்த இரட்டைப் பிள்ளைகளின் கணக்கை வெளியிட்டு வந்தார். 1955-ல் 21 ஜோடிகள். 1966-ல் 53 ஜோடிகள். ஜோடிகள் கூடினாலும் ஒற்றுமையின் அளவு மட்டும் மூன்று தானம் வரைக்கும் மாறாமல் 0.771 என்றே வந்தது! 1974-ல் காமின் என்பவர் இதை வெளிப்படுத்தினார். பர்ட்டுக்காக வாதாடுகிறவர்கள் பின்னாலும் வந்தார்கள். ஆனால் அவர் கணக்கை நம்பி இன்று யாரும் வீடு கட்டுவதில்லை.

குடியானவர்களுக்கு விளங்கும்படி சொல்லுகின்றேன். ஒரே மூட்டை விதை நெல்லை இரண்டாகப் பங்கிட்டு, ஒன்றை வண்டல் நிலத்திலும், மற்றொன்றைக் களர் நிலத்திலும் விதையுங்கள். வண்டலுக்குள் ஒரு பயிர் நெட்டை, ஒரு பயிர் குட்டை என்றால் அது விதையின் குணமாக இருக்கலாம். ஆனால் வண்டல் வயல் முழுவதும் நெட்டையாகவும், களர் வயல் முழுவதும் குட்டையாகவும் இருந்தால் அது விதையின் குற்றமா, நிலத்தின் குற்றமா? 1970-ல் லெவொன்டின் என்ற உயிர்நூல் புலவர் விதையை உதாரணம் காட்டிச் சொன்ன நியாயம் இதுவே. ஒரு கூட்டத்துக்குள் இருக்கிற வித்தியாசம் பிறவியால் வருவதாக வைத்துக் கொண்டாலும், இரண்டு கூட்டத்துக்கு நடுவேயுள்ள வித்தியாசம் பிறவியால் என்று ஆகிவிடாது.

மேலும், ஜேம்ஸ் பிளின் என்பவர் 1984-ல் காட்டினார்: 1932-லிருந்து 1978-க்குள் அமெரிக்கர்களின் மார்க்கு சுமார் 14 புள்ளி ஏறியிருக்கின்றது. 1987-ல் 14 தேசங்களிலும் ஏற்றத்தைக் காட்டினார். ஐம்பது வருஷத்துக்குள் ரத்தம் மாறுமா? மாறியது பள்ளிக்கூடம், சாப்பாடு, வேலை, பழக்கம். இன்னொரு சின்ன விஷயம். கர்ப்பிணிக்கு அயோடின் என்ற சத்துப் போதாவிட்டால் பிள்ளையின் மூளை வளர்ச்சி குன்றும். அந்தச் சத்தை உப்பில் கலந்து கொடுத்தால் குறை தடுக்கப்படும். பிரம்மாவின் எழுத்தை ஒரு சிட்டிகை உப்பு அழிக்கின்றதென்றால், அந்த எழுத்தின் யோக்கியதை எவ்வளவு!

நம் வயலிலும் நம் தெருவிலும்

இதுவரை வெளிநாட்டுக் கதை. இனி நம் கதை. விழுப்புரம், திருவண்ணாமலை ஜில்லாக்களில் கரும்பு பயிரிடுகிற 464 குடியானவர்களை ஆராய்ந்து 2013-ல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். கரும்பு வெட்டுக்கு முன் கையில் காசிராது. நகை அடகுக் கடையிலிருக்கும். வெட்டுக்குப் பின் பணம் வரும். அதே ஆளுக்கு முன்னும் பின்னும் பரீக்ஷை வைத்தார்கள். பின்னால் மார்க்கு அதிகமாயிற்று. அதே தலை, அதே மூளை. கடன் கவலைதான் குறைந்திருந்தது. இதை மறுக்கிறவர்களும் உண்டு. அமெரிக்காவில் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் சோதித்தவர்கள் 2016-ல் அப்படி வித்தியாசம் காணவில்லை. ஆதலால் இதை முடிந்த முடிவாகச் சொல்லவில்லை. ஆனால் வட்டிக்காரன் வாசலில் நிற்கும்போது உங்கள் புத்தி எப்படி வேலை செய்கின்றது என்பது உங்களுக்கே தெரியும்.

இரண்டாவது சோதனை உத்தரப் பிரதேசத்துக் கிராமங்களில் நடந்தது. ஹாஃப், பாண்டே என்ற இருவர் 2004-ல் முதலில் வெளியிட்டார்கள். ஆறாவது, ஏழாவது வகுப்புப் பையன்கள் 642 பேர். மேல்ஜாதி என்பவர் பாதி, கீழ்ஜாதி என்பவர் பாதி. காகிதத்தில் வழி கண்டுபிடிக்கும் புதிர்களைக் கொடுத்து, சரியாகச் செய்தால் காசு என்றார்கள். ஜாதியைச் சொல்லாமல் வைத்தபோது இரு திறத்தாருக்கும் வித்தியாசம் காணவில்லை. பிறகு, பையனின் பேர், தகப்பன் பேர், பாட்டன் பேர், ஜாதி எல்லாவற்றையும் எல்லோர் காதிலும் விழும்படி வாசித்துவிட்டுப் புதிர் கொடுத்தார்கள். தாழ்த்தப்பட்ட பையன்களின் திறமை சரேலென்று விழுந்தது!

தோழர்களே, யோசித்துப் பாருங்கள். பையன் மாறவில்லை. புதிர் மாறவில்லை. ஒரு வார்த்தை வாசிக்கப்பட்டது, அவ்வளவுதான். என் உபாத்தியாயர் என் தலையைத் தட்டிச் சொன்னாரே, அதுவும் அந்த ஒரு வார்த்தைதான். அந்த வார்த்தையை முதலில் சொல்லி மார்க்கைக் குறைத்துவிட்டு, பிறகு குறைந்த மார்க்கைக் காட்டி "பார்த்தாயா, நான் அப்போதே சொன்னேனே" என்பது எவ்வளவு பெரிய மோசடி! காலை ஒடித்து விட்டு நொண்டி என்று பேர் வைப்பது போலல்லவா இருக்கின்றது?

செய்ய வேண்டியது

கடைசியாகக் காரியத்துக்கு வருகின்றேன். முதலாவது, எந்தப் பிள்ளையையும் மக்கு, மண்டு, மாடு மேய்க்கத்தான் லாயக்கு என்று வீட்டிலாவது பள்ளியிலாவது சொல்ல விடாதீர்கள். முக்கியமாகப் பெண் பிள்ளைகளைச் சொல்ல விடாதீர்கள். என் தகப்பனார் நல்லவர்; ஆனால் அன்று அவர் ஒரு கேள்வி கேட்டிருந்தால் என் காலம் வேறாகியிருக்கும். நீங்கள் கேளுங்கள். பள்ளிக்கூடத்துக்குப் போய், "என் பிள்ளைக்கு எது விளங்கவில்லை? விளங்க வைக்க நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்று மரியாதையாக, ஆனால் பயமில்லாமல் கேளுங்கள்.

இரண்டாவது, புத்தியை வளர்க்க ஜாதகம், யந்திரம், தாயத்து என்று காசைத் தொலைக்காதீர்கள். இன்று புது மோஸ்தரில், பிள்ளையின் பத்து விரல் ரேகையை மெஷினில் பதித்து, மூளையின் சக்தி இன்னது, இன்ன படிப்பில் சேர் என்று அச்சடித்துக் கொடுத்துப் பணம் பறிக்கின்றார்கள். இந்திய மனநல வைத்தியர் சங்கமே இதற்குச் சயன்ஸ் ஆதாரம் கிடையாது என்று அறிவித்திருக்கின்றது. மரத்தடியில் கைரேகை பார்த்தவன் ஏர்கண்டிஷன் அறைக்குக் குடிபோயிருக்கின்றான், வேறு வித்தியாசமில்லை.

மூன்றாவது, அந்தக் காசில் பிள்ளைக்கு ஒரு முட்டையோ, ஒரு புத்தகமோ வாங்கிக் கொடுங்கள். கர்ப்பிணிக்கு நல்ல ஆகாரம் கொடுங்கள். இந்த வாசகசாலைக்குப் பிள்ளைகளை அனுப்புங்கள். வீட்டுக் கணக்கை, சந்தைக் கணக்கை அவர்களிடம் கொடுத்துப் போடச் சொல்லுங்கள். தப்பாகப் போட்டால் அடிக்காதீர்கள். எப்படிப் போட்டாய் என்று கேளுங்கள். பினே 1905-ல் செய்ததும் அதுதானே! பிள்ளை எங்கே தடுக்கின்றது என்று பார்ப்பது, அந்த இடத்தில் கை கொடுப்பது. புத்தியை அளப்பதற்கு வேறு நியாயமான காரணம் எனக்குத் தெரியவில்லை.

நான் சொன்னதில் தப்பிருந்தால் எழுந்து கேளுங்கள்; தெரிந்த வரையில் பதில் சொல்லுகின்றேன், தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுகின்றேன்.